கேபிளை இறுக்கும் முன் டிரம்மைத் திறந்து பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் சரிவான தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். என்னுடையது 2015ஆம் ஆண்டு வாங்கிய வேகன்-ஆர், கியர் மாற்றி ஓட்டும் வண்டி. ஹேண்ட் பிரேக் லீவர் பத்து, பதினொரு பல் வரை மேலே ஏறுகிறது. அப்படியும் வீட்டு வாசலில் ஏற்றம் பார்த்து நிறுத்தினால் கார் மெல்லப் பின்னால் நகர்கிறது. மெக்கானிக் இரண்டு முறை கேபிளை இறுக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் நன்றாக இருந்துவிட்டுப் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. இப்போது மேட்டுப்பாளையம் போய் வந்தால் இடது பின் சக்கரத்தில் காந்தல் வாடையும் வருகிறது. லீவருக்கு அடியில் இருக்கும் நட்டை வீட்டிலேயே திருகிக்கொள்ளலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். நானே செய்யலாமா? மகள் வாங்கியிருக்கும் காரில் லீவருக்குப் பதிலாகப் பட்டன் இருக்கிறது. அதையும் இப்படிச் சரிசெய்ய முடியுமா?

பதில்:

வணக்கம் ஐயா.

செய்யலாம். ஆனால் இப்போதைக்கு அந்த நட்டை மேலும் ஒரு சுற்றுகூட இறுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளையும், அதாவது லீவர் உயரமாக ஏறுவது, இறுக்கியும் சில வாரங்களில் தளர்ந்துவிடுவது, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் காந்துவது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், கோளாறு கேபிளில் தொடங்கவில்லை என்றும், பின் சக்கர டிரம்முக்குள் தொடங்கிய ஒன்றைக் கேபிளை இறுக்கி மறைத்துவந்திருக்கிறார்கள் என்றும்தான் எனக்குத் தோன்றுகிறது. காரை ஒரு நாள் சமதளத்தில் நிறுத்திச் சோதித்தால் இது உறுதியாகிவிடும்.

டிரம்முக்குள் நடப்பது இதுதான். பின் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் டிரம்முக்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. கால் பிரேக்கை மிதித்தால் வீல் சிலிண்டர் அவற்றை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அதே ஷூக்களைத்தான் கேபிள் விரிக்கிறது. அதற்கெனத் தனி ஷூ கிடையாது. கேபிளின் முனை ஒரு ஷூவில் பொருத்தியுள்ள சிறிய நெம்புகோலை இழுக்க, அது இரு ஷூக்களுக்கும் நடுவே கிடக்கும் தண்டைத் தள்ளி மற்றொரு ஷூவையும் நகர்த்துகிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும் அல்லவா? அந்த இடைவெளியைத் தானாகவே அடைப்பதற்காக நடுத்தண்டில் பல் வைத்த ஓர் அமைப்பு இருக்கிறது. கால் பிரேக்கை மிதிக்கும்போது ஷூ நகரும் தூரம் அளவை மீறினால், அது ஒரு பல் நகர்ந்து நின்றுகொள்ளும். பட்டறைகளில் இதை அட்ஜஸ்டர் என்றே சொல்கிறோம்.

மலைப் பகுதியின் ஈரத்திலும், வாட்டர் சர்வீஸில் உள்ளே புகும் தண்ணீரிலும், லைனிங் தூள் படிவதாலும் இந்த அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிவிடுவது மிகச் சாதாரணம். இறுகிவிட்டால் லைனிங் தேயத் தேய லீவர் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். அப்போது செய்ய வேண்டியது டிரம்மைத் திறந்து அட்ஜஸ்டரை விடுவிப்பது. ஆனால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கேபிள் நட்டைத் திருகவோ ஐந்து நிமிடம் போதும். வாடிக்கையாளரும் உடனே பலன் தெரிவதால் திருப்தியாகப் போய்விடுகிறார். உங்கள் மெக்கானிக்கை நான் குறை சொல்ல வரவில்லை, பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது இதுதான்.

கேபிளை அளவுக்கு மேல் இறுக்குவதால் வரும் கெடுதல் இரண்டு. முதலாவது, லீவரை முழுவதும் கீழே இறக்கிய பிறகும் டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் தன் இருப்பிடத்துக்குத் திரும்பாமல் ஷூவை லேசாக விரித்தபடியே வைத்திருக்கும். கார் ஓடும்போதெல்லாம் லைனிங் உரசும், காயும், அதன் மேற்பரப்பு கண்ணாடி போல இறுகிப் பிடிமானத்தை இழக்கும். சில வாரங்கள் உரசித் தேய்ந்தபின் மறுபடி இடைவெளி உண்டாகி லீவர் பழையபடி ஏறும். உங்கள் காரில் இரண்டு முறையும் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது கெடுதல் வெளியே தெரியாது. நெம்புகோல் ஷூவை ஏற்கெனவே விரித்துப் பிடித்திருப்பதால் இடைவெளி குறைவாகவே இருப்பது போல ஆகி, நல்ல நிலையில் இருக்கும் அட்ஜஸ்டர்கூட நகராமல் நின்றுவிடும். தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டையே கேபிளை இறுக்கி முடக்கிவிடுகிறோம்.

காந்தல் வாடையை அலட்சியம் செய்யாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் ஏற்கெனவே நிறைய உழைக்கிறது. அதோடு ஒரு சக்கரம் ஓயாமல் உரசிக்கொண்டும் இருந்தால் அந்தச் சூடு வீல் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய ஆயிலுக்கு அதே தரம் கேட்பது 140 டிகிரி மட்டுமே. ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால் கால் பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஆகவே கோளாறு தீரும்வரை மலையிறங்கும் பயணம் வேண்டாம். பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வேலையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. முதலில் இடம். உங்கள் தெரு சரிவானது என்பதால் அங்கே இந்த வேலையைத் தொடவே கூடாது. ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்ய ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும், பின் சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் காரைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரங்கள் மட்டும்தான். சிமென்ட் தரையோ கெட்டித் தரையோ உள்ள சமமான இடத்துக்குக் காரைக் கொண்டுபோய், முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக் கட்டைகளைச் செருகுங்கள். உருண்டைக் கல் சக்கரத்தின் அழுத்தத்தில் நழுவிவிடும். ஆப்பு வடிவில் அறுத்த கட்டைதான் நிற்கும். உங்கள் கார் முன் சக்கரங்களால் ஓடும் வகை என்பதால், இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டால் முன் சக்கரங்களுக்கு அதுவும் ஒரு பிடிமானம். பின் சக்கர இழுவை கொண்ட வண்டிகளில் இந்த உதவி கிடைக்காது.

சக்கர நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். காரோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கானது, அதன் மேல் காரை நிறுத்தி வேலை பார்ப்பதற்கானது அன்று. தூக்கியபின் ஜாக்கி ஸ்டாண்டு இரண்டை, கார்க் கையேட்டில் காட்டியிருக்கும் இடங்களுக்கு அடியில் வைத்து, காரைக் கையால் அசைத்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஸ்டாண்டு இல்லையென்றால் ஒருநாள் வாடகைக்கு வாங்குங்கள். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி ஒப்பேற்றாதீர்கள், அவை எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல் உடையும். ஸ்டாண்டு வைத்த பிறகும் உடம்பை வண்டிக்கு அடியில் நுழைக்கத் தேவையில்லாத வேலை இது. கேபிள் நட்டு காருக்குள் இருக்கிறது, டிரம் வெளியே இருக்கிறது.

இரண்டு பின் சக்கரங்களும் தரையை விட்டு எழும்பியதும் ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றிப் பாருங்கள். வலது சக்கரம் தாராளமாகச் சுற்றுவதும், இடது சக்கரம் கையை எடுத்தவுடன் நின்றுவிடுவதும் தெரிந்தால் ஆச்சரியமில்லை. அடுத்து, இருக்கைகளுக்கு நடுவே லீவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்களை எடுத்தபின் சில இடங்களில் கிளிப்பும் பிடித்திருக்கும். பலவந்தமாக இழுத்தால் உடையும். உள்ளே லீவரின் அடியில், கேபிள் முனையின் மரையில் ஒரு நட்டு தெரியும். பெரும்பாலும் பத்து நம்பர் ஸ்பேனர் பொருந்தும். நீளமான சாக்கெட் இருந்தால் கை வலிக்காது. இப்போதுள்ள நிலையில் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நட்டை நன்றாகத் தளர்த்தி விடுங்கள்.

இந்த இடத்தில் சற்று நிதானியுங்கள், ஏனென்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை இதுதான் காட்டிக்கொடுக்கும். நட்டைத் தளர்த்தியதும் இடது சக்கரம் தாராளமாகச் சுற்றத் தொடங்கினால், உரசலுக்குக் காரணம் அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட கேபிள் என்று பொருள். தளர்த்திய பிறகும் உரசல் அப்படியே இருந்தால், இடப்பக்கக் கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்ப மறுக்கிறது, அல்லது டிரம்முக்குள் ஷூவை மீட்கும் ஸ்பிரிங் வலுவிழந்திருக்கிறது, அல்லது வீல் சிலிண்டரின் பிஸ்டன் இறுகிவிட்டது. கேபிள் துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டுச் சரிசெய்யும் முயற்சி நெடுநாள் நிற்காது; மாற்றிவிடுவதே முறை. உறை கிழிந்து உள்ளே கம்பி தெரிந்தாலும் அப்படித்தான்.

இரண்டில் எதுவானாலும் அடுத்த வேலை டிரம்மைத் திறப்பது. நீங்கள் செய்வதா, பட்டறைக்குக் கொடுப்பதா என்பதை முடிவுசெய்யச் சக்கரத்தைக் கழற்றியபின் டிரம்மின் நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கே ஒரு தகர மூடியும் அதற்குள் பெரிய நட்டும் இருந்து, பேரிங்கோடு சேர்த்து டிரம்மைக் கழற்றும் அமைப்பாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்த நட்டைக் கம்பெனி சொன்ன முறுக்கு அளவில் டார்க் ரெஞ்சு வைத்துத்தான் பூட்ட வேண்டும், சில மாடல்களில் ஒருமுறை கழற்றிய நட்டை மறுபடி பயன்படுத்தவும் கூடாது. கண்மதிப்பில் பூட்டிய பேரிங் நட்டு எந்த ஹேண்ட் பிரேக் கோளாறையும் விட ஆபத்தானது. அப்படியில்லாமல் டிரம் தனியாக வந்துவிடும் அமைப்பு என்றால் வீட்டிலேயே கழற்றலாம். துருவில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டாம். பல டிரம்களின் முகப்பில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட்டு இரண்டை மாற்றி மாற்றிச் சமமாகத் திருகினால் டிரம் தானே முன்னால் நகர்ந்து வரும்.

திறந்தவுடன் உள்ளே கறுப்புத் தூள் அப்பியிருக்கும். அதை வாயால் ஊதவோ பம்புக் காற்றால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருப்பதும் உண்டு, எந்த லைனிங் தூளும் நுரையீரலுக்கு நல்லதில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரேக் கிளீனர் தெளித்து ஈரமாக்கித் துணியால் துடைத்தெடுங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும் என்பதால் அவற்றைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். தூள் போனபின் வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் சொட்டினால் சிலிண்டர் கசிகிறது. அந்த ஆயில் பட்ட லைனிங்கை எதைக் கொண்டும் சுத்தம்செய்து மீட்க முடியாது. ஷூக்களை மாற்றுவதானால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும்.

லைனிங்கின் கனத்தைப் பாருங்கள். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு லைனிங் மட்டும் ஒரு மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்பது பொதுவான எல்லை. நான் அந்த எல்லைவரை காத்திருப்பதில்லை. மலையில் ஓடும் வண்டிக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடச் சொல்வேன். கனம் இருந்தும் மேற்பரப்பு பளபளத்துக் கிடந்தால், முரட்டு உப்புத்தாளால் அந்தப் பளபளப்பு மங்கும்வரை ஈரமாக வைத்தே தேய்க்கலாம். வெடிப்போ கருகலோ இருந்தால் தேய்த்துப் பயனில்லை. டிரம்மின் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: ஆழமான கீறல்கள் தட்டுப்பட்டாலோ, விளிம்பில் படி போலத் தேய்ந்திருந்தாலோ அதைக் கடைசல் பட்டறையில் காட்டுங்கள். எவ்வளவு விட்டம் வரை கடையலாம் என்பது டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

இப்போது முக்கியமான ஆள், நடுத்தண்டும் அதன் பற்களும். அசைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லாக நகர வேண்டும். இறுகியிருந்தால் கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, சூடு தாங்கும் கிரீஸை மிக மெல்லியதாக அசையும் இடத்தில் மட்டும் தடவுங்கள். ஷூவின் ஓரம் பின்தகட்டில் உரசும் மேடுகளிலும் அதே போல ஒரு தடவல் போதும். தாராளமாகப் பூசினால் சூட்டில் உருகி லைனிங்கில் ஏறிவிடும். ஸ்பிரிங்குகளைக் கழற்ற நேர்ந்தால் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் திறங்கள். மறுபக்கம் கலையாமல் இருந்தால்தான் எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் அங்கே எல்லாம் இடவலமாக மாறியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஷூவில் இருக்கும் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் தன் முட்டுக்குத் திரும்பிச் சாய்ந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். கேபிள் தளர்ந்திருக்கும்போது அது முட்டைத் தொட்டே இருக்க வேண்டும்.

டிரம்களை மாட்டி, அவை நழுவாமல் இருக்கச் சக்கரங்களையும் மாட்டியபின் கால் பிரேக்கை நன்றாக அழுத்திப் பல முறை மிதியுங்கள். வீட்டில் ஒருவரைப் பின் சக்கரத்தருகே நிறுத்திவைத்தால், ஒவ்வொரு மிதிக்கும் உள்ளிருந்து சன்னமாக ஒரு ‘டிக்’ சத்தம் அவருக்குக் கேட்கும். அட்ஜஸ்டர் பல் ஏறும் சத்தம் அது. சத்தம் நின்றுபோனால் இடைவெளி அளவுக்கு வந்துவிட்டது. மிதி அழுத்தமாக, பழைய உயரத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். பஞ்சு போல அமுங்கினால் பிரேக் லைனில் காற்று இருக்கிறது. அதை வெளியேற்றாமல் மேலே போகக் கூடாது. இதெல்லாம் சரியென்றால் ஹேண்ட் பிரேக்கை மூன்று நான்கு முறை வலுவாக இழுத்து இழுத்து விடுங்கள், கேபிள் தன் இடத்தில் படியும். இத்தனைக்கும் பிறகுதான் கேபிள் நட்டின் முறை வருகிறது. உங்கள் வண்டியில் இப்போதே லீவர் பாதி உயரத்தில் நின்றுவிட்டாலும் வியப்பதற்கில்லை. நட்டுக்கு வேலையே இல்லாமல் போவதும் உண்டு.

லீவர் எத்தனை பல்லில் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைச் சிறிய கார்களின் கையேடுகளில் சுமார் 20 கிலோ விசையோடு இழுக்கும்போது 4 முதல் 9 பல்லுக்குள் நிற்க வேண்டும் என்பது போன்ற ஓர் எல்லையைப் பார்க்கலாம். உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே கொள்ளுங்கள். இருபது கிலோ என்பது வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை ஒரு கையால் தூக்கும் பலம். இன்ஜினை அணைத்து, பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, லீவரை மெதுவாக இழுத்து, ‘டிக்’ என்று ஏறும் பற்களை எண்ணுங்கள். நட்டை அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கி ஐந்தாறு பல்லில் கொண்டுவந்து நிறுத்துவது என் வழக்கம். மூன்று பல்லிலேயே இறுகிவிட்டால் பெருமைப்படத் தேவையில்லை, அது மறுபடி பழைய தவறுக்கான தொடக்கம். லீவரை இறக்கியபின் இரண்டு சக்கரங்களும் உரசலின்றிச் சுழல வேண்டும். ஓரிரு பல் இழுக்கும்போது இரண்டிலும் ஒரே மாதிரி லேசாகப் பிடிக்கத் தொடங்க வேண்டும். ஒன்று பிடித்து மற்றொன்று சுற்றினால், சுற்றும் பக்கத்து டிரம்மையோ கேபிளையோ மறுபடி பார்க்க வேண்டும்.

லீவரை முழுவதும் இறக்கியபின் டாஷ்போர்டில் உள்ள சிவப்புப் பிரேக் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே லீவரின் சுவிட்சைச் சந்தேகிக்காதீர்கள். பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குத்தான் எரியும். பானெட்டைத் திறந்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள், அது வண்ணப்பூச்சில் சொட்டினால் பூச்சை அரித்துவிடும் என்பதால் கையோடு ஒரு துணி இருக்கட்டும்.

சோதனை ஓட்டத்தைச் சமதளத்தில் தொடங்கி, ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டி வந்தபின் இரு பின் சக்கரங்களுக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். டிரம்மைத் தொட வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் சரி. அதன் பிறகு சரிவில் சோதிக்கலாம். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் பிரேக் மிதிக்கு மேல் காலை வைத்தபடி இருக்க வேண்டும், சரிவின் கீழ்ப்பக்கம் ஆளோ வண்டியோ இருக்கக் கூடாது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 13-எச் பிரேக் ஒழுங்குமுறை, முழுச் சுமையோடு 20 விழுக்காடு சரிவில் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஹேண்ட் பிரேக் காரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றும், அதற்குக் கையால் இழுக்கும் விசை 400 நியூட்டனுக்கு, அதாவது சுமார் 40 கிலோவுக்கு, மேல் தேவைப்படக் கூடாது என்றும் கேட்கிறது. 20 விழுக்காடு என்றால் ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயர்வு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்து உங்கள் வாசலை அளந்து பார்த்தால், பிரேக்கிடம் நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். மலை ஊர்களில் சில தெருக்கள் இதைவிடச் செங்குத்தானவை. அங்கே எந்த ஹேண்ட் பிரேக்கையும் தனியாக நம்புவதற்கில்லை.

ஆகவே நிறுத்தும் முறையும் சேர்ந்தே வர வேண்டும். கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, மிதியை மெல்ல விட்டுக் காரின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காருவதைப் பார்த்த பிறகு, மறுபடி கிளட்சை மிதித்துக் கியர் போடுங்கள். ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். இடது ஓரத்தில் நிறுத்தி, அந்தப் பக்கம் சுவரும் இருந்தால், ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்து வைப்பது நல்லது. கார் பின்னால் உருண்டாலும் தெருவில் இறங்காமல் சுவரில் சாயும். கிளட்ச் மிதி இல்லாமல் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. வகைக் கார் வைத்திருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: நம் ஊரில் பரவலாக ஓடும் ஏ.எம்.டி. கார்களில் மற்ற ஆட்டோமேட்டிக் கார்களைப் போல ‘பி’ (பார்க்கிங்) நிலை கிடையாது, நியூட்ரலில் விட்டு இறங்கினால் ஹேண்ட் பிரேக்கைத் தவிர வேறு எதுவும் காரைப் பிடித்திருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 126ஆம் பிரிவும், ஓட்டுநர் இல்லாத நேரத்தில் வண்டி தானாக நகராதபடி பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ விட்டுச்செல்வதைக் கட்டாயமாக்குகிறது. கார் உருண்டு யார் மீதாவது மோதினால், ஹேண்ட் பிரேக் பழுதாக இருந்தது என்பது உங்களுக்குச் சாதகமான வாதமாக இராது.

மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். நனைந்த டிரம்மோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஒரு வாரம் நிறுத்திவைத்தால் லைனிங் துருவோடு டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் முடித்ததும் சிறிது தூரம் மிதமாகப் பிரேக்கை மிதித்தபடி ஓட்டி ஈரத்தைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். வெளியூர் போவதானால் சமதளமான இடத்தில் கியரிலும் கட்டையிலும் நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கி வைக்கலாம்.

பட்டறைக்கே கொடுப்பது என்று முடிவெடுத்தால், ‘ஹேண்ட் பிரேக்கை டைட் பண்ணுங்கள்’ என்று சொல்லாதீர்கள். கேபிளை முழுவதும் தளர்த்திவிட்டு, இரண்டு டிரம்களையும் திறந்து, அட்ஜஸ்டரை விடுவித்து, ஷூவின் கனத்தைக் காட்டச் சொல்லுங்கள். திறந்த நிலையில் நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

உங்கள் மகளின் காரைப் பொறுத்தவரை விடை சுருக்கமானது. பட்டனால் இயங்கும் ஹேண்ட் பிரேக்கில் மோட்டார்தான் பிரேக்கைப் பிடிக்கிறது, பிடியின் அளவையும் கம்ப்யூட்டரே கணக்கிடுகிறது. வீட்டில் திருக வேண்டிய நட்டு எதுவும் அதில் இல்லை. பின் பிரேக் பேடு மாற்றுவதற்குக்கூட ஸ்கேனரை இணைத்து மோட்டாரைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது பல மாடல்களின் நிபந்தனை. அந்த நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைப் பலவந்தமாக உள்ளே தள்ளினால் மோட்டாரும் பல்சக்கரமும் சேர்ந்து போய்விடும். பட்டன் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ, பட்டனை அழுத்தும்போது பின்னால் கேட்கும் மோட்டார் சத்தம் ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ, அந்தக் காரை நேரே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.